மெர்வினின் நேரம்

தாம்பரம் வட்டாரத்தில் சைக்கிள் மிதித்து ஏறுகிற மாதிரி ஒரு மலை கிடையாது. திரிசூலத்துக் குன்றுகளைக் கல்குவாரிகள் பாதி தின்றுவிட்டன. பரங்கிமலையில் மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும். திருநீர்மலையில் இருப்பது படிக்கட்டு. அதனால் அஸ்தினாபுரத்து சைக்கிள்காரர்கள் குரோம்பேட்டை மேம்பாலத்தையே மலையாக வைத்துக்கொண்டார்கள். வெளியூர் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டு ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் பாலத்தின் மேல் ஏறுவார்கள், இறங்குவார்கள், திரும்பவும் ஏறுவார்கள். புதிதாக மாற்றலாகி வந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் முதல் நாள் அவர்களை மறித்தார்.

“இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா? வந்ததுலேர்ந்து பாக்குறேன், இதே பாலத்துல சுத்திகினு கீற.”

“மலை ஏறப் பழகுறோம் சார்,” என்றான் மெர்வின்.

“பாலத்துலயா?”

“நம்ம ஏரியாவுல வேற மலை எங்க சார் இருக்கு?”

காவலர் பாலத்தை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “அதுவும் கரெக்டுதான். ஓரமா போ. லாரிக்காரன் உன்ன மலையேத்திடப் போறான்.”

மெர்வின் இதை வீட்டில் வந்து அந்தக் குரலிலேயே நடித்துக் காட்டியபோது மனைவி ஜென்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் அம்மா ரத்தினபாய் மட்டும் சிரிக்கவில்லை. “போலீஸ்காரன் வாயால அப்படி ஒரு வார்த்தை எதுக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெர்வினுக்குப் பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. பதனிட்டு வருகிற தோலைத் தரம் பிரிக்க வேண்டும். தோலின் மேல் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டினாலே ஆடு முள்ளில் உரசியிருக்கிறதா, உண்ணி கடித்திருக்கிறதா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். நாள் முழுவதும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்குகிறவனுக்கு வெளியே வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. சைக்கிள் குழுவில் எல்லோருடைய கைபேசியிலும் ஒரு செயலி இருந்தது. யார் எந்த ஏற்றத்தை எத்தனை நிமிடத்தில் ஏறினார்கள் என்று அது வரிசை போட்டுக் காட்டும். மற்றவர்கள், அவன் சிறுவயதுச் சிநேகிதன் சுகுமார்கூட, அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். மெர்வின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு, “இந்த வளைவுல சுகுமார் என்னைவிட எட்டு செகண்டு கம்மி. அங்க நான் தண்ணி குடிச்சேன்,” என்பான்.

“சோத்தப் பாத்து சாப்பிடு. மீன்ல முள்ளு இருக்கு,” என்பாள் ஜென்சி.

வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, குழு கொல்லிமலைக்குப் போகும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மெதுவாக ஏறுகிறவர்கள் முதலில், வேகக்காரர்கள் கடைசியில் என்று இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள்; அவரவர் நேரத்தைச் செயலி கணக்கிடும். அந்த ஒரு காலைக்காகத்தான் வருடம் முழுக்க மேம்பாலத்தில் ஏறி இறங்குவது. கொல்லிமலை வரிசைதான் உண்மையான வரிசை என்பது அவர்களுக்குள் பேச்சு. அதில் மூன்று வருடமாக முதலில் இருந்தவர் சத்தியநாதன். நாவலூரில் ஐ.டி. கம்பெனி மேனேஜர். அவருடைய சைக்கிளின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். மெர்வினுடையது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்த வெறும் சட்டகம். மற்றதையெல்லாம் மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சிட்டிபாபு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பூட்டிக் கொடுத்தார்.

“சத்தியநாதன் சார் வண்டி அதுவா பறக்கும்,” என்பார் சிட்டிபாபு. “உன் வண்டி உன்ன நம்பி கீது, நீ அத்த நம்பி கீற. ரெண்டு பேரும் நல்லவனுங்கதான், ஆனா மலைக்கு அது தெரியாது.”

அந்த வருடம் டிசம்பரில் மழை விட்டதும் மெர்வினுக்குக் காய்ச்சல் வந்தது. செம்பாக்கம் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து வடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். ஜென்சி ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலையில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், காபி குடிக்காமல் காத்திருக்கிறவர்களுக்கு ரத்தம் எடுத்து வர வேண்டும். புருஷனுக்கும் அவளே எடுத்தாள். காய்ச்சல் இறங்கியும் அவன் மாடிப்படி ஏறினால் ஒரு நிமிடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு வருஷம் போகலைன்னா மலை ஓடியா போயிடும்?”

“மலை ஓடாது. லிஸ்ட் ஓடிடும்.”

“ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டுப் போ. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“வந்து எடுத்துக்கறேன். முடியலைன்னா சிட்டிபாபு வேன்ல ஏறிடுவேன். போதுமா? அம்மா முன்னாடி ஆரம்பிக்காத.”

அவள் ஆரம்பிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் வேன் கூரையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மெர்வின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தில் தட்டினான். கையில் தோல் கம்பெனி வாடை இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது.

முன்பெல்லாம் மலை ஏறும்போது சிட்டிபாபுவின் வேன் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும். யாராவது முடியாமல் நின்றால் ஏற்றிக்கொள்ளும். கைபேசிச் செயலி வந்த பிறகு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்ததால், வேன் முன்னால் போய் உச்சியில் டீயும் இட்லியும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். சட்னி ஆறிப்போகாது, ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் புகையும் இல்லை. எல்லோரும் அதை நல்ல ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள்.

வீட்டில் இருப்பவர்களும் அந்தச் செயலியில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஜென்சி மட்டனுக்கு மசாலா அரைத்துக்கொண்டே, மிக்ஸிக்குப் பக்கத்தில் கைபேசியை நிறுத்தி வைத்திருந்தாள். மலைப்பாதை ஒரு குடலைப்போலச் சுருண்டு கிடந்தது. அதன் மேல் ஒரு நீலப் புள்ளி நகர்ந்தது. அதுதான் மெர்வின். கோயிலுக்கு உடுத்தித் தயாராகியிருந்த ரத்தினபாய் மூக்குக்கண்ணாடியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க இருக்கான்?”

“பாதி தாண்டிட்டாரு அத்தை. நிக்காம போயிட்டே இருக்காரு.”

“போன மாசம் படுத்துக் கிடந்தவனா இவன்?”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. போன வருஷத்தைவிட ஸ்பீடு.”

“கர்த்தர் தூக்கிட்டுப் போறாரு,” என்றாள் ரத்தினபாய். அப்புறம் அவள் நகரவில்லை. மருமகளும் மாமியாரும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியை அது தொட்டபோது ஜென்சி சின்னப் பெண்போலக் கைதட்டினாள். ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடம். வரிசையில் மெர்வின் பெயர் முதலில் வந்து நின்றது. அதே நேரம் எடுத்துக்கொண்ட சுகுமாரின் பெயர் அடுத்து. சத்தியநாதன் மூன்றாவது.

உடனே ஃபோன் போட்டாள். ரிங் போயிற்று. எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டாள். “மூச்சு வாங்கிட்டு இருப்பான், விடு. நேரமாச்சு,” என்று ரத்தினபாய் செருப்பை மாட்டினாள். ஜென்சியும் அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு கூடப் போனாள். அன்று ஆராதனையில் அவள் உறையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மேலே மகன் பெயரை எழுதி வைத்தாள். முடிந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நாலு பேரிடம் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஜென்சிக்கு ஃபோன் வந்தது. சிட்டிபாபு.

“அக்கா… நீ எங்க கீற? பக்கத்துல யாருனா கீறாங்களா?”

அந்தக் கேள்வியை ஜென்சி தன் வேலையில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். எதற்குக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரத்தினபாயின் கையைப் பிடித்து மெதுவாகக் கார் நிறுத்தும் பக்கம் கூட்டிப் போனாள். ரத்தினபாய் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

சொல்லப்பட்டது இதுதான். கடைசியாகக் கிளம்பிய மெர்வின் சுகுமாரோடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்று, வேன் நின்ற இடத்துக்கு டீ குடிக்கக்கூட வராமல், எல்லைக் கல்லிலேயே திரும்பி இறங்கினான். இறங்கும் வழியில், அடிவாரத்திலிருந்து பத்தொன்பதாவது வளைவில், நெஞ்சு வலித்து உட்கார்ந்திருக்கிறான். பின்னால் இறங்கி வந்த சுகுமார்தான் பார்த்தான். நாமக்கல்லுக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

ஆண்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் அழுதார்கள். சுகுமார் அழவில்லை. குழிமண் போடும்போது அவன் மனைவி ஷீலா அவனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மெர்வினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ரத்தினபாய் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கஞ்சி குடித்தாள், பிறகு சோறு. அவளை எழுப்பி உட்கார வைத்தது அந்த வரிசைதான். காலை ஜெபம் முடிந்ததும் ஜென்சியைக் கூப்பிடுவாள். “அதக் காட்டும்மா.” ஜென்சி கைபேசியைத் திறந்து காட்டுவாள். மெர்வின் பெயர் முதலில் இருக்கும். ரத்தினபாய் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், “பாதியில விழல என் புள்ள. போய்ச் சேர்ந்து, ஜெயிச்சிட்டுத்தான் போனான்,” என்பாள். அதைச் சொல்லும்போது முதுகு நிமிரும்.

மார்ச் கடைசியில் சத்தியநாதன் வந்தார். வெயில் அப்போதே கொளுத்தத் தொடங்கியிருந்தது. ஜென்சி ரோஸ்மில்க் கலந்து கொடுத்தாள். அவர் ஒரு பையிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்து விரித்தார். முதுகில் மலைப்பாதை வரைந்திருந்தது. அதன் கீழே, ‘மெர்வின் நேரம் 1:51’.

“ஏப்ரல்ல எல்லாரும் திரும்பப் போறோம் ஆன்ட்டி. இனிமே வருஷா வருஷம். யார் ஏறினாலும் மெர்வின் டைமோடதான் கம்பேர் பண்ணுவோம். உண்மையச் சொல்லணும்னா என்னால அத முறியடிக்க முடியாது. எவ்ளோ ட்ரை பண்ணியும் அந்தக் கடைசி வளைவுங்கள்ல அவன் போன ஸ்பீடு எனக்கு வரல. நீ நல்லா ஏறுறேன்னு நேர்ல ஒருநாளும் நான் அவன்கிட்ட சொன்னதில்ல.” நல்ல மனிதர்தான்.

ரத்தினபாய் டி-ஷர்ட்டை மடியில் வைத்து எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு ஜென்சிக்கு அந்தக் கடைசி வளைவுகளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதுவரை அவள் பெயரையும் நேரத்தையும் மட்டுமே பார்த்திருந்தாள். செயலியில் இரண்டு பேரை அருகருகே வைத்து வளைவுக்கு வளைவு ஒப்பிடலாம். மெர்வின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தது அதைத்தான். அவள் மெர்வினையும் சுகுமாரையும் வைத்துப் பார்த்தாள். ஆரம்பத்தில் இருவரும் மெதுவாக. மூன்றாவது வளைவில் இருவரும் நிற்கிறார்கள். அதன் பிறகு வேகம். ஐம்பதாவது வளைவில் இருவரும் ஒரே சமயத்தில் நிற்கிறார்கள், ஒரே சமயத்தில் கிளம்புகிறார்கள். ஒரு வளைவிலாவது ஒருவன் ஒரு செகண்டு முந்தவில்லை, பிந்தவில்லை.

அவள் வேலை பார்க்கிற இடத்தில் எப்போதாவது இப்படி நடக்கும். இரண்டு பேருடைய ரத்தத்துக்கு எல்லா அளவும் ஒன்றுபோல வரும். அப்படி வந்தால் யாரும் அதிசயப்பட மாட்டார்கள். ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாயில் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்ப எடுக்கப் போவார்கள்.

மறுநாள் கடைசி வீட்டில் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, குளிர்பெட்டியோடு நேராகச் செம்பாக்கத்தில் சுகுமார் வீட்டுக்குப் போனாள். ஷீலா கதவைத் திறந்தாள்.

“வா ஜென்சி. தோசை ஊத்தட்டுமா?”

“அண்ணா இருக்காரா அக்கா?”

“இருக்காரு. லீவு போட்டுட்டு லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரு. நீயாவது கேளு. என்கிட்ட வாயே திறக்கறதில்ல.”

சுகுமார் பனியனோடு வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். மூலையில் அவன் சைக்கிள் மேல் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜென்சி உட்காரவில்லை.

“அண்ணா, மெர்வின் ஃபோன் யார்கிட்ட இருந்துச்சு?”

அவன் என்ன ஃபோன் என்று கேட்கவில்லை. மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“என்கிட்ட.”

ஷீலா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள்.

“மூணாவது வளைவுல நெஞ்சு எரியுதுன்னான். ராத்திரி தின்ன புரோட்டா, கேஸுன்னான். மத்தவங்களும் வேனும் முன்னாடி போயிட்டாங்க, பின்னாடி யாரும் இல்ல. நான் மெதுவா வரேன், நீ போன்னான். ஃபோனக் குடுத்து, நீ ஏறு மச்சான், நான் லிஸ்ட்ல வரேன்னு சிரிச்சான்…” சுகுமார் நிறுத்தினான். “இல்ல. அவன் கேக்கல. நான்தான் கேட்டேன். மச்சான், ஃபோனக் குடு, இந்த வருஷம் சத்தியநாதன் மூஞ்சியப் பாக்கணும்னு நான்தான் சொன்னேன். அவன் வேணாம்டான்னான். அப்புறம் சிரிச்சிட்டுக் குடுத்தான்.”

“நான் ஃபோன் பண்ணேன். ரிங் போச்சு.”

“என் முதுகு பாக்கெட்லதான் அடிச்சுது. ரெண்டு தரம்.”

“ஏன் எடுக்கல?”

“எடுத்து என்ன சொல்றது? அவன் எங்கன்னு கேப்பே. சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. எல்லாரும் அவன் பேரச் சொல்லிக் கைதட்டுறாங்க, எங்கடா ஹீரோன்னு கேக்குறாங்க. எல்லைக் கல்லுலயே திரும்பி இப்பதான் இறங்கினான்னு சொல்லிட்டேன். ஒரு அரை மணி நேரத்துல தானா வந்துடுவான், எதாவது சொல்லி சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். டீ குடிச்சேன். இட்லி சாப்பிட்டேன் ஜென்சி. நாலு இட்லி சாப்பிட்டேன்.”

“எப்ப இறங்கின?”

“ஒன்பது ஆகப் போகுது. அதுக்கு மேல எனக்கே பயம் வந்துடுச்சு.”

“அப்ப அவரு…”

“உக்காந்துட்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். நான் போய்த் தொட்டேன்.” சுகுமார் தன் கையைப் பார்த்தான். “முதல்ல நான் அவன் ஃபோன எடுத்து அவன் பாக்கெட்ல வச்சேன். அதுக்கு அப்புறம்தான் கத்தினேன்.”

ஷீலா, “அய்யோ, பாவி,” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

ஜென்சிக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. “உடனேயே போயிருப்பாரா அண்ணா? ஏழு மணிக்கு, ஏழரைக்கு? நீ மேல போறதுக்கு முன்னாடியே?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு இடத்தில் அவள் அதை வேண்டித்தான் நின்றாள்.

“எட்டரை மணி வாக்குல ஒரு பஸ் மேல போச்சாம். அந்த டிரைவர் போலீஸ்ல சொன்னாரு. ஒரு சைக்கிள்காரரு சுவத்துல சாஞ்சு உக்காந்து கையத் தூக்கினாரு, மலைக்கு வர்ற சைக்கிள்காரங்க எல்லாரும் கை காட்டுவாங்க, நாங்களும் ஹாரன் அடிச்சிட்டுப் போனோம்னு.”

சமையலறையில் தோசை கருகுகிற வாசனை வந்தது. ஒருவரும் போகவில்லை. எட்டரைக்குத் தான் எங்கே இருந்தோம் என்று ஜென்சி நினைத்துப் பார்த்தாள். கோயிலில் இரண்டாவது பாட்டு முடிந்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தை காணிக்கை உறையில் பெயர் எழுத அவளிடம்தான் பேனா வாங்கினாள்.

“நீ வந்து அத்தைகிட்ட சொல்லணும்,” என்றாள். “என்னால சொல்ல முடியாது. தினமும் காலையில நான்தான் அந்த லிஸ்டக் காட்டுறேன். அவங்க சந்தோஷமா தலையாட்டுறாங்க. இனிமே நான் காட்ட மாட்டேன். நீயே வந்து சொல்லு.”

“வரேன்,” என்றான் சுகுமார். “ஞாயித்துக்கிழமை வரேன். சத்தியமா சொல்லிடறேன்.”

வந்தான். ஷீலாவையும் கூட்டிக்கொண்டு, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். ரத்தினபாய் அவனைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை நாள் ஏண்டா வரல? உன்னப் பாத்தா அவனப் பாத்த மாதிரின்னு தெரியாதா உனக்கு? உக்காரு. ஜென்சி, குழம்பு சூடு பண்ணு. எவ்ளோ இளைச்சிட்டான் பாரு.”

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்…”

“நான் முதல்ல கேக்கறேன். உன்கிட்ட மட்டும்தான் கேக்க முடியும். கடைசி வரைக்கும் கூட ஓட்டினது நீதானே? மேல போய்ச் சேந்ததும் என்னடா சொன்னான் என் புள்ள?”

ஜென்சி அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுமார் அவளைப் பார்த்தான், ஷீலாவைப் பார்த்தான், தன் முகத்தை விடாமல் பிடித்திருந்த வயதான கைகளைப் பார்த்தான்.

“அம்மாவ ஒரு தடவ இங்க கூட்டிட்டு வரணும்டான்னு சொன்னாம்மா,” என்றான்.

ரத்தினபாய் அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். சுகுமார் வாய்விட்டு அழுதான். அந்த மூன்று மாதத்தில் அவன் முதலில் அழுதது அப்போதுதான். ஷீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜென்சி குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அவள் அப்போதே பேசியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாரால் முடியும்?

அப்படித்தான் ரத்தினபாயும் ஏப்ரலில் கொல்லிமலைக்குக் கிளம்பினாள். முழங்கால் வலிக்காரி, வாந்தி வருமென்று மாத்திரை போட்டுக்கொண்டு, மடியில் எலுமிச்சம்பழத்தோடு வேனில் ஏறினாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“அவன் ஜெயிச்ச இடத்த மட்டும் எனக்குக் காட்டுங்க. செத்த இடத்த நான் பாக்க மாட்டேன். எத்தனாவது வளைவுன்னு கூட என்கிட்ட யாரும் சொல்லக் கூடாது. அது வரும்போது சொல்லு ஜென்சி, நான் கண்ண மூடிக்கறேன். தாண்டினதும் சொல்லு.”

சேந்தமங்கலத்தில் இரவு தங்கி, காலையில் காரவள்ளிக்கு வந்தார்கள். மெர்வின் நேரம் என்று முதுகில் எழுதிய டி-ஷர்ட்டுகளில் பதினான்கு பேர் சைக்கிளில் ஏறத் தொடங்கினார்கள். சத்தியநாதன் முன்னால் போனார். சுகுமார் சைக்கிள் கொண்டுவரவில்லை. வேனில் சிட்டிபாபுவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் ரத்தினபாயும் ஜென்சியும்.

இரண்டு நாளைக்கு முன்னால் கோடை மழை பெய்திருந்தது. தாம்பரத்தில் வெயிலில் வெந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் காற்று நம்ப முடியாததாக இருந்தது. வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் எழுதியிருந்தது. மூன்றாவது வளைவு வந்தது. போயிற்று. சுகுமார் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சிட்டிபாபு ஹாரன் அடித்தபடி ஒவ்வொரு வளைவாக வண்டியை ஒடித்தார்.

பதினெட்டு தாண்டியதும் ஜென்சி சொன்னாள்.

“அத்தை, கண்ண மூடிக்கோங்க.”

ரத்தினபாய் இறுக மூடிக்கொண்டாள். உதடு ஜெபத்தில் அசைந்தது. ஜென்சியின் விரல்களைப் பற்றியிருந்த பிடி இறுகியது.

வேன் பத்தொன்பதாவது வளைவுக்குள் திரும்பவும், மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து வளைய முடியாமல் பின்னால் போய் முன்னால் வந்தது. சிட்டிபாபு வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஜன்னலுக்கு நேராக இடுப்பு உயரத்துக்குச் சுவர். சுண்ணாம்பு அடித்தது. அதற்கு அப்பால் மூங்கில் புதர், அதற்கும் அப்பால் பள்ளம். கீழே எங்கோ வயல்கள் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தன. சுவரின் மேல் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. ஜென்சி அந்தச் சுவரை முழுவதும் பார்த்தாள். எந்த இடத்தில் முதுகைச் சாய்த்திருப்பான், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான் என்று பார்த்தாள். அடுத்த முறை வர மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஏன் நிக்குது?” என்றாள் ரத்தினபாய், கண்ணைத் திறக்காமல்.

“பஸ்சு வந்துகினு கீதும்மா,” என்றார் சிட்டிபாபு.

“அந்த இடம் தாண்டிட்டோமா ஜென்சி?”

சுகுமாரின் பிடரி அசையவில்லை. கண்ணாடியில் சிட்டிபாபுவின் கண்கள் மட்டும் ஜென்சி மேல் நின்றன.

“தாண்டிட்டோம் அத்தை,” என்றாள் ஜென்சி.

ரத்தினபாய் கண்ணைத் திறந்தாள். வெளிச்சத்துக்குச் சுருக்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்த்தாள். மூங்கிலைப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக் கீழே பள்ளத்தைப் பார்த்தாள். காற்று வந்து அவளுடைய நரைமுடியைக் கலைத்தது.

“எவ்ளோ காத்து பாரு,” என்றாள். “வேர்த்துக் கொட்டி வர்றவனுக்கு இங்க உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது. இல்லம்மா?”

ஜென்சி அவளுடைய கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

“கொஞ்சம் இறங்கி நிக்கலாமா? காலும் மரத்துப் போச்சு.”

பஸ் ஒருவழியாக வளைந்து அவர்களை உரசுவதுபோலக் கடந்து போயிற்று. வேனுக்குப் பின்னால் ஒரு காரும் இரண்டு பைக்குகளும் காத்திருந்தன. சுகுமார் திரும்பாமலே, “வேணாம்மா. மேல இன்னும் நல்லா இருக்கும்,” என்றான்.

“ஆமா. அவன் நின்ன இடத்துலயே போய் நிக்கறேன்,” என்றாள் ரத்தினபாய்.

சிட்டிபாபு கியரைப் போட்டார். வேன் ஒரு தரம் பின்வாங்கி, உறுமி, ஏறியது. ரத்தினபாய் உடம்பைத் திருப்பி, அடுத்த வளைவு மறைக்கிற வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.